பூட்டில்லாத கூண்டு

மூலைக் கூண்டின் பூட்டு எந்தச் சாவிக்கும் மசியவில்லை. கால்நடை அலுவலகத்திலிருந்து வந்தவர் தடித்த கையுறையோடு சாவிக்கொத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவளிடமே நீட்டினார். புருஷன் செத்த அன்றைக்கு அணில் கூண்டு திறந்துகொண்டிருப்போம் என்று எவள்தான் நினைத்திருப்பாள். அவள் பார்த்த மாத்திரத்தில் சரியான சாவியைப் பிரித்தெடுத்துத் திறந்துவிட்டாள்.

பூட்டு ரிப்பேர்க்காரர் வீட்டில் அணிலுக்கும் பூட்டுதான். வெறும் கொண்டி போட்டால் அவர் ஆசைக்கு வளர்த்த வெளிநாட்டு அணில்கள் பல்லால் நெம்பித் திறந்துவிடும் என்று, கூண்டுக்கு ஒரு குட்டிப் பூட்டு மாட்டியிருந்தார். தெருவில் அவருக்குச் 'சாவி' என்றே பெயர். ஊரார் பூட்டையெல்லாம் திறந்து கொடுக்கிற மனுஷன், சொந்த வீட்டுச் சாவியைத் தினமும் தொலைப்பார். பிள்ளை இல்லாத வீடு. ஒரு அணில்குட்டி பால் குடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவளுக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் "மாத்திரை போட்டியா" என்பதோடு சரி. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு உண்டு, அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

தலைவலி, காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது. பிறகு ஒருநாள் கடையில் உட்கார்ந்தபடி கையிலிருந்த சாவியைக் காட்டி, "இது என்னது?" என்று கேட்டார். வழக்கமான கிண்டல் என்று நினைத்து அவள் சிரித்தாள். அந்த வாரம் முடிவதற்குள் கண் திறப்பதும் நின்றுபோனது.

டாக்டர் நேற்று அவளை உட்காரவைத்துச் சொன்னார்.

"அணில்கிட்டேருந்து வர்ற வைரஸ்மா. ரொம்ப அபூர்வம். நேரா மூளைக்குப் போயிடுது. கடிச்சதுலயோ கீறினதுலயோ வந்திருக்கலாம்."

"அதுங்க நல்லாத்தானே துள்ளிக்கிட்டு இருக்கு?"

"அதுங்களை ஒண்ணும் பண்ணாது."

இது என்ன நியாயம் என்று அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அலுவலர் ஒவ்வொரு கூண்டாகத் துணி போட்டு மூடி வண்டியில் ஏற்றினார். கடைசியாக ஒரு கூண்டின் முன் நின்றார். அதில் பூட்டு இல்லை, அணிலும் இல்லை. அடியில் போட்ட மரத்தூள் மட்டும் புதுசாக இருந்தது.

"இதுல என்ன இருந்தது?"

உடலை வாங்கிவர அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வந்திருந்த கொழுந்தன் முந்திக்கொண்டான். "அது ரொம்ப நாளா காலிதாங்க."

சொன்ன கையோடு, "அண்ணி, ஒரு நிமிஷம்" என்று அவளைச் சமையலறைக்குள் கூட்டிப்போனான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"அண்ணி, எங்க வீட்டுல இருக்கற அணில் ஜோடியப் பத்தி மட்டும் வாயத் திறக்காதீங்க. அண்ணன் எங்க பாப்பாவுக்குன்னு குடுத்தது. இன்னிக்கே அதையும் பிடுங்கினா அவ என்ன ஆவா?"

"டாக்டர் சொன்னத நீங்களும்தான் கேட்டீங்க தம்பி."

"பாப்பா நல்லாத்தான் இருக்கா."

"உங்க அண்ணனும் நல்லாத்தான் இருந்தாரு."

அவன் குழாயடியில் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தான்.

"சொன்னா அவளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஊசி குத்துவாங்க, ரத்தம் எடுப்பாங்க. தெரிஞ்சு மட்டும் என்ன அண்ணி பண்ணப்போறோம்? மருந்தே இல்லன்னுட்டாங்களே."

"மருந்து இல்லாத நோவுன்னா, வராம பாத்துக்கறதுதான் வழி. இன்னும் ஒரு ராத்திரிகூட அதுங்க அவ பக்கத்துல இருக்க வேணாம்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று அவனைக் கேட்டிருப்பாள். ஆனால் கண்ணை மூடிக்கொள்ள அவளுக்குமே ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்த கை அவளுடையது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இனி யாருக்காகவும் உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெம்பில்லை, பயமாக இருந்தது.

வெளியே வந்து அலுவலரிடம் சொன்னாள். "ஒரு ஜோடி இவர் வீட்டுல இருக்குங்க. நானே வந்து காட்டறேன்."

கொழுந்தன் குறுக்கிட்டான். "ஆஸ்பத்திரில அண்ணன் காத்துக்கிட்டு..."

"அவரு இனிமே எங்கயும் போகமாட்டாரு. முதல்ல பாப்பா."

கொழுந்தன் வீட்டில் ஓரகத்தி கதவைத் திறந்தாள். பின்னால் நிற்கிற வண்டியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். அலுவலர் கூண்டைத் துணியால் மூடித் தூக்கினார். பாப்பா தடுக்கவில்லை, அழவும் இல்லை. முழுக்கைச் சட்டையின் நுனியை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

"பெரியம்மாகிட்ட கையைக் காட்டு கண்ணு."

பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியம்மா முட்டிபோட்டு உட்கார்ந்து சட்டைக் கையை மெதுவாக மேலேற்றினாள். மணிக்கட்டுக்குக் கீழே மெல்லிய கோடாக ஒரு கீறல், காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"அதுமேல தப்பில்ல பெரியம்மா," என்றாள் பாப்பா. "நான்தான் இறுக்கிப் பிடிச்சேன்."

கொழுந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெளியே அலுவலர் யாருக்கோ போன் போட்டு, ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா பாப்பாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்தாள். சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்து அந்தச் சின்னக் கையைக் கழுவினாள். நுரை போனதும் மறுபடி சோப்பை எடுத்தாள்.

"போதுமா பெரியம்மா?"

"இன்னும் கொஞ்சம்."