சீட்டுக்கு அடியில் ஏழு நத்தைகள்

வண்டியை யாரும் தொடக் கூடாது என்று நுகர்வோர் ஆணையத்தின் குமாஸ்தா சொல்லியனுப்பியதை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பத்து வார்த்தைகூட ஆகியிருக்காது. ஆனால் வழக்கு என்ற பேச்சை எடுத்தாலே கணவருக்கு ரத்த அழுத்தம் எகிறியது. டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல அப்படி என்னத்தப் பேசுறீங்க? மனுஷனைக் கொஞ்சம் நிம்மதியா விடுங்க" என்று கடிந்துகொண்டிருந்தாள். அதனால் திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே, பாதி விஷயத்தை மட்டும் சொன்னாள்.

"வியாழக்கிழமை ஒரு ஆபீசர் வந்து வண்டியைப் பார்ப்பாராம்."

"நம்ம வண்டியையா?"

"ஆமா. நீங்க ஒண்ணும் அலட்டிக்காதீங்க. பார்த்துட்டுப் போயிடுவாரு."

"பார்க்கட்டும், பார்க்கட்டும்" என்றார். குரலில் ஏதோ ஒரு தெம்பு தெரிந்தது. அது ஏன் என்று அவள் நின்று யோசித்திருக்க வேண்டும்.

அவர் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். சிறுநீரகம் கைவிட்ட பிறகு வாரத்துக்கு மூன்று நாள் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. போவதில் சிரமம் இல்லை, திரும்பி வருவதுதான் பாடு. நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பும்போது அவர் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பார். இரண்டு பஸ் மாற வேண்டும். போன மழைக்காலத்தில் இரண்டாவது பஸ்ஸின் படிக்கட்டிலிருந்து விழுந்து நெற்றியில் ஐந்து தையல். தான் ஓட்டிய அதே தடத்து பஸ். தூக்கிவிட்ட கண்டக்டர் பழைய சிநேகிதர். அன்றைக்கு வீடு வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் துடைத்தெடுத்து அந்தக் காரை வாங்கியது அதன் பிறகுதான். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதில், முன் சீட்டில் புருஷனை உட்கார வைத்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு.

பழைய கார் விற்கும் கடைக்காரனுக்கு வீட்டில் அவர்கள் வைத்த பெயர் உத்தரவாதம். எதைக் கேட்டாலும் நெஞ்சில் கை வைத்து, "அதுக்கு நான் உத்தரவாதம்க்கா" என்பான். இன்ஜினுக்கு அவன் உத்தரவாதம். பிரேக்குக்கு அவன் உத்தரவாதம். "மழை வராம இருக்கவும் உத்தரவாதம் குடுப்பீங்களா தம்பி?" என்று கணவர் கேட்டதற்குக்கூட, "உங்களுக்குன்னா குடுத்துரலாம் சார்" என்றான். அவன் நீட்டிய தாளை அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்பவள், ஒரு வரியைக்கூடப் படிக்காமல் விடாதவள், அன்றைக்குப் படிக்கவில்லை. கணவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் கார் நடுரோட்டில் நின்றது. ஜன்னல் ஏறவில்லை, விளக்கு எரியவில்லை, இன்ஜின் அசையவில்லை. இழுத்து வந்து வீட்டு வாசலில் போட்ட மெக்கானிக் தரைவிரிப்பைக் கொஞ்சம் தூக்கினான். ஒரு விரலால் தொட்டு அவளிடம் காட்டினான். மாவு மாதிரி வண்டல்.

"அக்கா, இந்த வண்டி ரோட்ல ஓடினதைவிட வெள்ளத்துல கிடந்ததுதான் அதிகம். டேஷ்போர்டு உள்ள பாருங்க, தண்ணி நின்ன கோடு. உங்க தலையில கட்டிட்டான்."

அவள் கடைக்குப் போனாள். உத்தரவாதம் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தான். "வாயால ஆயிரம் சொல்லுவோம்க்கா. பேப்பர்ல என்ன இருக்கு? 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்'. கீழ யாரு கையெழுத்து?" குரலில் கொஞ்சமும் கோபமில்லை. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பொறுமையாகச் சொன்னான்.

வெள்ளத்தில் மூழ்கியதை மறைத்து விற்றால் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கேட்க உரிமை உண்டு என்பதை ஆணையத்தின் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். வழக்குப் போட்டாள்; கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மட்டும் கணவரிடம் சொன்னாள், வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவில்லை. வண்டலைப் படமெடுத்துக் கொடுத்தாள். அவன் வக்கீல் அந்தப் படங்களை ஒதுக்கிவைத்து, "இது எந்த வண்டியோட தரைன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அதனால்தான் ஆணையம் ஆபீசரை நேரில் அனுப்புகிறது. அவர் கண்ணால் கண்டதை எழுதுவார். அவர் எழுதுவதுதான் தீர்ப்பு. அதுவரை கடன் வாங்கி ஆட்டோவில் போய்வந்தார்கள். பணம் திரும்பினால் வேறு வண்டி. இல்லாவிட்டால் மறுபடியும் அந்த இரண்டாவது பஸ்ஸின் படிக்கட்டு.

புதன்கிழமை மாலை அவள் தெரு முனையில் திரும்பும்போதே ஏதோ பளபளத்தது.

வாசலில் நின்ற கார் முகம் கழுவிப் பவுடர் போட்ட பிள்ளை மாதிரி இருந்தது. நான்கு கதவும் திறந்திருந்தன. தரைவிரிப்பு கொடியில் காய்ந்தது, சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர் விழுந்தது. சீட்டுகள் கழற்றப்பட்டு, தேய்க்கப்பட்டு, மறுபடி மாட்டப்பட்டிருந்தன. சாக்கடைப் பக்கம் வரை மண் நிறத்தில் ஒரு நீண்ட கோடு ஓடிக் காய்ந்திருந்தது. கணவர் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க ஈரம். மூச்சு வாங்கியது. முகத்தில் அந்தச் சிரிப்பு.

"எப்படி?" என்றார்.

அவள் திறந்திருந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் பரிசோதனைக்கு என் வண்டி போகும்ல, டெப்போல என் வண்டியைத்தான் முதல்ல கூப்பிடுவான். ஏன்னா, அழுக்கு வண்டியைப் பார்த்தா ஆபீசருக்கு அழுக்கு மனசு வந்துரும். சுத்தமா இருந்தா நம்ம பேச்சுக்கு ஒரு மரியாதை. நாளைக்கு வர்றவரும் ஆபீசர்தானே? மூணு நாளா கொஞ்சம் கொஞ்சமா. நீ பார்த்துடக் கூடாதுன்னு நீ வர்றதுக்குள்ள துணி போட்டு மூடிருவேன். சீட்டு தண்டவாளம் துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் கறுப்பு பெயின்ட் அடிச்சேன். வயர் முனை எல்லாம் பச்சையா பூத்துக் கிடந்துச்சு. ஒண்ணொண்ணாப் பிரிச்சு பெட்ரோல்ல கழுவினேன். டேஷ்போர்டு உள்ள ஒரு கறை. போவேனான்னுச்சு. நானா விடுவேன்?"

"சீட்டை யார் தூக்கினது?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

அவள் அவர் இடது கையைப் பிடித்து இழுத்தாள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து நரம்பை இணைத்திருந்த கை. அதில் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. முழங்கைக்குக் கீழே புடைத்திருந்த நரம்பில் விரலை வைத்தாள். உள்ளே தேனீ அடைத்த மாதிரி ரத்தம் ஓடும் அதிர்வு இருந்தது. இருந்தது. விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"ஓடுதா?"

"ஓடுது."

"பின்ன என்ன? அழாத. இங்க பாரு, உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்."

ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு பாட்டில் மூடியை எடுத்து நீட்டினார். அதில் ஏழு நத்தை ஓடுகள். விரல் நகம் அளவு. சோப்பு போட்டுக் கழுவியிருந்தார். உள்பக்கம் இளஞ்சிவப்பாக மின்னியது. "டிரைவர் சீட்டுக்கு அடியில குடும்பத்தோட குடியிருந்துச்சுங்க. காருக்குள்ள நத்தை! எங்கிருந்து டிக்கெட் எடுத்து வந்துச்சோ."

அவர் குளிக்கப் போனார். அவள் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். சொன்னால் அவர் உடைந்து போவார். சொல்லாவிட்டால் நாளை யாரோ ஒரு அந்நியன் சொல்வான். மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். "அக்கா, இன்ஜினுக்குள்ள ஏதாச்சும் இருக்கும். ஆனா பிரிச்சுப் பார்க்க ஆபீசருக்கு உத்தரவு வேணும். மேலோட்டமா ஒரு சந்தேகம் வந்தாத்தான் அதைக் கேட்பாரு" என்றான்.

விடிந்ததும் அவர் எழுவதற்கு முன் அவள் காருக்குப் போனாள். கதவைத் திறந்தபோது ஷாம்பு வாசனை முகத்தில் அடித்தது. அவள் வேலை செய்யும் அறையில் ஒரே ஒரு சட்டம்தான்: எடுத்த கோப்பை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இடம் மாறிய கோப்பு தொலைந்த கோப்பு. பத்தொன்பது வருடத்தில் அவள் கையால் ஒரு நோயாளியின் கோப்பும் தொலைந்ததில்லை. குனிந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில், தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில், ஏழு ஓடுகளையும் ஒவ்வொன்றாக வைத்தாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவை இருந்த இடம் அதுதான்.

ஆபீசர் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கையில் டார்ச், நீளக் குச்சியில் பொருத்திய சின்னக் கண்ணாடி. பின்னாலேயே இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் உத்தரவாதம். காரைப் பார்த்ததும் அவன் நடை ஒரு நொடி தயங்கியது. பிறகு முகம் முழுக்க வெளிச்சம்.

"அடடா, எவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க சார்!"

"வண்டியைக் கழுவினீங்களா?" என்றார் ஆபீசர்.

"உள்ள, வெளிய ரெண்டும். நீங்க வர்றீங்கன்னுதான் சார்" என்றார் கணவர், நேராக நின்று. பழைய காக்கி பேன்ட்டைத் தேடியெடுத்துப் போட்டிருந்தார்.

ஆபீசர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

அவர் ஒழுங்காகத்தான் தேடினார். விரிப்பைத் தூக்கினார், கண்ணாடியை உள்ளே விட்டார், முகர்ந்தார், எழுதினார். தண்டவாளத்தைத் தொட்டபோது விரலில் கறுப்பு ஒட்டியது. "பெயின்ட் எப்ப அடிச்சது?"

"நேத்து சார்."

டார்ச் சீட்டுக்கு அடியில் போய் நின்றது. அவர் கை உள்ளே போனது. ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். வெயிலில் ஏழும் முத்து மாதிரி மின்னின.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"அட, இதை நான் எடுத்து ஜன்னல்ல வெச்சேனே!" என்றார் கணவர். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "கழுவிக்கூட வெச்சேன். மறுபடி எப்படி..."

சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். வாக்கியம் பாதியில் நின்றது.

உத்தரவாதம்தான் சிரித்தான். "நத்தைக்கும் ஷாம்பு போட்டாச்சா? குளிச்சுட்டு வீடு திரும்பிருச்சுங்க போல. சார், இதையும் எழுதிக்கோங்க. எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணலை."

"அது அங்கதான் இருந்துச்சு" என்றாள் அவள். "நான் இருந்த இடத்துலதான் வெச்சேன்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஆபீசர் எழுதியதை வாசித்துக் காட்டினார். வாகனம் முழுவதும் சமீபத்தில் சுத்தம் செய்யப்பட்டுள்ளது. வெள்ளத்தில் மூழ்கியதற்கான அடையாளம் காணப்படவில்லை. இருக்கையின் கீழ் கிடைத்த ஓடுகள் புகார்தாரரால் பின்னர் வைக்கப்பட்டவை. அவளும் உத்தரவாதமும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறை அவள் ஒவ்வொரு வரியையும் படித்தாள்.

உத்தரவாதம் போன பிறகு ஆபீசர் வாசலில் ஒரு நிமிடம் நின்றார். "ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடுக்கலாம்மா. பதினஞ்சு நாள் இருக்கு. ஆனா..." டார்ச்சைப் பையில் போட்டார். "மண்ணோட கிடந்திருந்தா, ஒரே ஒரு நத்தை போதும்."

மெதுவாகத்தான் சொன்னார். என்றாலும் கணவருக்குக் கேட்டுவிட்டது.

கொஞ்ச நேரம் காரைச் சுற்றி வந்தார். சாக்கடை வரை போயிருந்த அந்த மண் கோட்டின் மேல் நின்று பார்த்தார், செருப்பால் ஒரு முறை தேய்த்தார். பிறகு கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவளும் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏறாத ஜன்னல்களுக்கு மெக்கானிக் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் வெயிலில் புடைத்துச் சுருங்கியது.

"தொடக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எப்ப?"

"திங்கக்கிழமைக்கு முன்னாடியே."

அவர் தலையாட்டினார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கலாம்."

"ஆட்சேபத்துல என்னன்னு எழுதுவே?"

"நடந்ததை."

"புருஷன் கழுவினான், பொண்டாட்டி திருப்பி வெச்சாள்னா? நான் ஆபீசரா இருந்தாலே நம்ப மாட்டேன்."

வெயில் ஏறியது. மூடிய காருக்குள் ஷாம்பு வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய், அதற்கு அடியிலிருந்து வேறொன்று எழுந்து வந்தது. பாசி, அழுகிய இலை, நாள்பட்ட தண்ணீர். முதலில் லேசாக, பிறகு மூக்கை அடைக்கும்படி. ஒரு ஆறு முழுவதும் அந்தச் சீட்டுகளுக்குள் உட்கார்ந்திருந்தது.

அவள் சட்டென்று கதவைத் திறந்து தெருவைப் பார்த்தாள். ஆபீசரின் வண்டி போன பக்கம் யாரும் இல்லை.

"நாத்தம் வருதா?" என்றார் கணவர்.

"வருது."

"அதுதான் எனக்குப் போகலை. எவ்வளவு தேய்ச்சும்." அவர் கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு முதல் பஸ் ஆறே காலுக்கு. சீக்கிரம் எழுப்பிவிடு. கூட்டத்துல ஏற எனக்கு நேரமாகும்."