நாலாவது மாடி

அந்தத் துணிக்கடை முதலாளிக்கு நாற்காலி என்றாலே ஆகாது. போர்வைப் பிரிவில் வேலை பார்க்கும் அவள் உட்காராமல் பதினொரு மணி நேரம் நிற்க வேண்டும். கழிப்பறை நாலாவது மாடியில். போய் வந்தால் மேற்பார்வையாளர் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே அங்கே வேலை பார்க்கும் பெண்கள் யாரும் தண்ணீர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

குடிக்காத தண்ணீருக்கு வட்டியும் முதலுமாக இரவில் கால் கணக்குக் கேட்டது. மணி இரண்டானால் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகும். உயிர் போய் உயிர் வரும். கத்தாமல் தலையணையைக் கடித்துக்கொள்வாள். பக்கத்தில் படுத்திருக்கும் கணவன் பஸ் டிரைவர், நாலு மணிக்கு எழுந்து ஓடுகிறவன். போன மாதம் ஒரு திருப்பத்தில் கண் அசந்து வண்டியை நடைபாதையில் ஏற்றிவிட்டான். யாருக்கும் அடிபடவில்லை. இன்னொரு முறை அப்படி நடந்தால்?

தலையணையைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் போய்ப் படுக்க ஆரம்பித்தாள்.

"புழுக்கமா இருக்குங்க."

"அங்க மட்டும் காத்து பிச்சுக்கிட்டு வருதாக்கும்" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

எட்டாம் நாள் இரண்டு கால்களும் ஒரேயடியாக இழுத்தன. பிடிமானத்துக்கு எட்டியதில் தட்டுகளும் டம்ளர்களும் கடகடவென்று சரிந்தன. ஓடி வந்தவன் அவள் காலடியில் உட்கார்ந்தான். ஒரு காலை நேராக நீட்டி, முட்டி மடங்காமல் அழுத்தி, பாதத்தை அவள் முகம் பார்க்கத் தள்ளிப் பிடித்தான். பிறகு மற்ற கால். சதை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"டிப்போவுல எல்லாருக்கும் இதே பாடுதான். நடுவழியில இறங்க முடியாதுன்னு எவனும் தண்ணி குடிக்கிறதில்ல." பாதத்தை விடாமலே சொன்னான். "நீ அசந்தப்புறம் மூணு மணிக்கு எனக்கு ஆரம்பிக்கும். நீ முழிச்சிடக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பேன். அப்புறம் எங்க தூங்குறது? நீ இங்க வந்து படுத்ததும் எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன்."

கண்ணும் கருத்துமாக அவள் காவல் காத்த தூக்கத்தில் பாதிகூட அவனிடம் இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விழுந்து கிடந்த டம்ளர்களில் இரண்டை எடுத்து அவன் தண்ணீர் பிடித்தான்.

மறுநாள் பதினொரு மணிக்கு, மடித்துக்கொண்டிருந்த போர்வையைப் பாதியில் வைத்துவிட்டு அவள் நாலாவது மாடிக்குப் படியேறினாள். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். தண்ணீர் குடித்துவிட்டு ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் இறங்கிப் போய் வருவதாக அவனும் வாக்குக் கொடுத்திருக்கிறான்.