தலைக்கு மேல் பறக்க அனுமதித்தவர்

விமானவியல் துறை என்று அந்தக் கல்லூரியில் ஒரு கதவு இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு மேசைவிசிறி, ஒரு விமானம். கடலூர்-சிதம்பரம் சாலையில் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்தப் பொறியியல் கல்லூரி, இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் புதுப் படிப்பு தொடங்க டெல்லிக்கு விண்ணப்பித்திருந்தது. விமானத்தின் இறக்கை ஐந்தடி. தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுவது.

அறையில் இசைவாணியும் இருந்தாள். ஆய்வக உதவியாளர். துறையின் சொத்துப் பட்டியலில் மேசைவிசிறிக்குக்கூட எண் உண்டு, அவளுக்கு இல்லை. நான்கு வருஷமாகத் தற்காலிகம். தற்காலிகப் பணியாளர்கள் போடும் கையெழுத்து எந்தப் பதிவேட்டிலும் செல்லாது என்று ஒரு சுற்றறிக்கையே ஒட்டியிருந்தார்கள். அவளே சால்டரிங் வைத்து, அவளே ஒட்டி, அவளே பறக்கவிடும் விமானத்துக்கு, ஒரு பாட்டில் பசை வாங்க வேண்டுமென்றாலும் வேறு யாராவது நிரந்தரமானவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அவளை நிரந்தரமாக்கும் ஆணையை 2009 ஆண்டு விழா மேடையில் தருவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். அன்றைக்கு விமானம் பறக்க வேண்டும். அடுத்த மாதம் டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வரும்போது இன்னொரு முறை பறக்க வேண்டும். அவ்வளவுதான்.

தாளாளர் டாக்டர் கலியமூர்த்தி. டாக்டர் பட்டம் எங்கே வாங்கியது என்று கேட்டால், ஒன்பது மணி நேரப் பயணம் என்று தூரத்தை மட்டும் சொல்வார். எல்லாவற்றிலும் பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார். பெரிய அரசு அதிகாரிகளுக்கு உரிய மை அது. தண்ணீர் லாரி சீட்டு, விடுதி மெனு, மாணவிகளின் காய்ச்சல் விடுப்பு, எதுவும் அந்தப் பச்சைக்குத் தப்பாது. மைதானத்தில் ஒரு புல்கூட முளைக்காதது ஏன் என்று கேட்டால், கல்லூரி எலெக்ட்ரீஷியன் சார்லஸ் சொல்வார்: "இருந்த பச்சையெல்லாம் பேப்பருக்குப் போயிடுச்சு."

சார்லஸ், இசைவாணிக்குத் தாய்மாமன். இருவரும் கடலோரக் குடிகாட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வருபவர்கள்.

விழாவுக்கு முதல் நாள் மக்கள் தொடர்பு அதிகாரி தேவநாதன் துறைக்கு, அதாவது கதவுக்கு, வந்தார்.

"யம்மா, ப்ரோகிராம் கேட்டுக்கோ. சீஃப் கெஸ்ட் குத்துவிளக்கு ஏத்துறாரு. அந்த டயத்துல மேடைக்குப் பின்னாடியிருந்து விமானம் கெளம்பி, ஜனங்க தலைக்கு மேல ஒரு ரவுண்டு வந்து, அவரு மேல பூ கொட்டுது. எப்டி?"

"தலைக்கு மேல முடியாது சார்."

"ஏன்? ரேஞ்ச் பத்தாதா?"

இசைவாணி மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெயிண்ட் வாளியை எடுத்து வைத்தாள். வாய் முதல் அடி வரை பிளந்திருந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம், ஒரு ஒயர் கழன்று, விமானம் பக்கத்துக் கொல்லையில் மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது. விழுந்த இடத்தில் இந்த வாளி இருந்தது.

"வாளிதானே?" என்றார் தேவநாதன்.

"வாளிங்கறதாலதான் சார் காட்ட முடியுது."

பிறகு ஒரு தாளை நீட்டினாள். பறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை அவளே தமிழில் எழுதியிருந்தாள். ரிமோட்டை முதலில் போடு, விமானத்தை அப்புறம். அணைக்கும்போது விமானம் முதலில். இறக்கை, வால் ஓரத்து மடல்கள் எல்லாம் சொன்ன பக்கம் திரும்புகிறதா. ரிமோட்டின் ஆன்டெனாவை உள்ளே தள்ளி முப்பது அடி எடுத்துவைத்துப் போய் நின்றாலும் திரும்புகிறதா. காற்று. ஆட்கள் எந்தப் பக்கம். கடைசியில் ஒரு கோடு போட்டு, கீழே: 'தலைக்கு மேல் பறக்க அனுமதித்தவர்', கையெழுத்துக்கு இடம்.

"இதுல யாராவது கையெழுத்துப் போட்டா விடறேன் சார்."

"ப்பூ, இதானா? தாளாளரே போடுவாரு. கையெழுத்துன்னா அவருக்கு உசுரு." தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் கார்த்திகேசன் சிதம்பரத்தில் மூன்று சங்கங்களுக்குத் தலைவர். பதினொன்றே முக்காலுக்கு வந்தார். மைதானத்தில் ஐந்நூறு நாற்காலி. மேடையின் ஓரத்தில், வயல் பக்கமாக, நாற்பதடி நீளத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதில் கலியமூர்த்தி கறுப்புக் கண்ணாடியும் விமானித் தொப்பியும் அணிந்து வானத்தைச் சுட்டிக்கொண்டிருந்தார். 'விண்ணுக்கே விலாசம் தந்தவரே' என்று கீழே எழுதியிருந்தது.

இசைவாணி மூக்கை உயர்த்தினாள். குடிகாட்டில் பிறந்தவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கக் கொடி வேண்டாம், மூக்கு போதும்.

"கடல் காத்து வந்துடுச்சு மாமா. காலைல விட்டிருந்தா ஆடாம நின்னிருக்கும்."

"நல்ல நேரம் முடிஞ்சதும் கெட்ட காத்து வருது. ஜோசியக்காரன் பொய் சொல்லல," என்றார் சார்லஸ், ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து.

 விமானம் துறை மேசையில் இல்லை. மேடைக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தது. காலையில் அவள் வருவதற்குள் தேவநாதன் அதற்குப் பூஜை போட்டு முடித்திருந்தார். புது லாரிக்குச் செய்வது எல்லாம் செய்திருந்தார்கள். மூக்கில் எலுமிச்சம்பழம். இறக்கை நெடுகச் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். வயிற்றில் ரோஜா இதழ்ப் பை. வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தியபோது ஒன்று மிஞ்சியது. அதை விமானத்துக்கும் போர்த்தியிருந்தார்கள்.

அவள் பொன்னாடையை எடுத்து மடித்துத் தேவநாதன் தோளில் போட்டாள். கூட்டம், அவரைத்தான் கௌரவிக்கிறார்கள் என்று நினைத்துக் கைதட்டியது. எலுமிச்சையைக் கழற்றினாள். பூப்பையைக் கழற்றினாள்.

"பூவ ஏம்மா எடுக்குற?" என்றார் தேவநாதன். அவர் கையில் மைக் இருந்தது. குரல் சவுக்குத் தோப்பு வரை போனது.

"வெயிட்டு சார். மூக்கு எங்க நிக்கணும்னு பாத்துப் பாத்து வெச்சிருக்கேன். அரை கிலோ பூவ வயித்துல கட்டுனா எங்க போவும்னு எனக்கே தெரியாது."

ரிமோட்டைப் போட்டாள். பேட்டரியைச் செருகினாள். ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினாள். வலது இறக்கையின் மடல் மேலே எழுந்தது. இடது மடல் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை. மடலைத் திருப்பும் சின்ன மோட்டார் 'ங்ங்' என்று முனகியது. மறுபடி தள்ளினாள். மறுபடி முனகல்.

குனிந்து பார்த்தாள். இறக்கைக்கும் மடலுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சந்தனம் வழிந்து, வெயிலில் காய்ந்து, சிமென்ட் பூசியதுபோல் பிடித்திருந்தது.

"பொட்டு எங்கெங்க வெச்சீங்க சார்?"

"எல்லா ஜாயின்ட்லயும் வெக்கச் சொன்னேன். ஜாயின்ட்தானே முக்கியம்?"

"இப்டியே எழும்பியிருந்தா ஒரே பக்கமா சாஞ்சி, நேரா மூணாவது வரிசைல வந்து எறங்கியிருக்கும்."

மூன்றாவது வரிசை எழுந்து நின்றது. மைக் இன்னும் தேவநாதன் கையில்தான் இருந்தது.

"சார்லஸ்! மைக்க ஆஃப் பண்ணுய்யா!"

"சுவிட்சுக்கும் சந்தனம் வெச்சிட்டாங்க சார். சிக்கிக்கிச்சு," என்றார் சார்லஸ் நிதானமாக.

கலியமூர்த்தி மேடையிலிருந்து இறங்கி வந்தார். பின்னாலேயே கார்த்திகேசனும் வந்தார். விமானத்துக்கு ஆறடி தள்ளியே நின்றுகொண்டார்.

"இந்தாம்மா, சந்தனந்தானே? தொடச்சிட்டு விடு. கெஸ்ட் காத்திருக்காரு."

"தொடைக்கிறேன் சார். அந்தத் தாள்ல கையெழுத்து?"

தேவநாதன் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். தாளாளர் பேனா மூடியைக் கழற்றினார். பழக்கத்தில் கை தானாகவே தாளின் அடிக்குப் போனது. அப்புறம்தான் கண் போனது. 'தலைக்கு மேல் பறக்க அனுமதித்தவர்.' பச்சை முனை தாளுக்கு ஒரு நூல் மேலே நின்றது.

"இது வழக்கமான பார்மாலிட்டிதானே?"

"ஆமா சார். விழுந்தா யாரக் கேக்கறதுன்னு எழுதி வெக்கிறது."

"விழாதும்மா."

"அப்போ போடுங்க சார்."

தாளாளர் தேவநாதனைப் பார்த்தார். "நீ போடேன். ப்ரோகிராம் உன்னோடதுதானே?"

"நா வெறும் பப்ளிக் ரிலேஷன் சார். கெஸ்ட் போட்டா மரியாதையா இருக்கும்."

"என்னா வெளையாடறீங்களா?" என்று கார்த்திகேசன் இன்னும் நான்கடி பின்வாங்கினார். "எனக்கு வெளக்கு மட்டும்தான்னு சொன்னாங்க. தம்பி, என் சேர அந்த மரத்தடியில போடுங்கப்பா."

இவ்வளவும் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. தண்ணீர் லாரி சீட்டு முதல் காய்ச்சல் விடுப்பு வரை எதற்கும் தயங்காத பேனா, ஐந்நூறு பேர் பார்க்க மூடிக்கொண்டது.

"சரி, விமானம் வேணாம். கேன்சல்," என்றார் கலியமூர்த்தி. குரலைத் தாழ்த்தி, "உன் ஆர்டரும் கேன்சல். அப்புறம் அழுவாத," என்றார். தாழ்த்திய குரலும் தோப்பு வரை போனது.

 நான்கு வருஷம். மேடையில் ஒரு தட்டில் ஆணை வைத்த உறை ரோஜாப்பூவோடு இருப்பதை இசைவாணி வந்ததுமே பார்த்திருந்தாள். ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பறக்கும் சார். தலைக்கு மேலதான் பறக்காது. பேனாவக் குடுங்க."

ஐந்நூறு பேர் பார்க்கும்போது ஒரு பேனாவைக் கொடுக்க மறுப்பது கடினம். கொடுத்தார். அவள் 'தலைக்கு' என்பதை அடித்து 'வயலுக்கு' என்று எழுதினாள். 'அனுமதித்தவர்' என்பதை அடித்து 'விடுபவர்' என்று எழுதினாள். கீழே பச்சை மையில் 'இசைவாணி' என்று முழுப்பெயரையும் போட்டாள். பேனாவை ஆய்வகக் கோட்டின் பையில் செருகிக்கொண்டாள்.

பிறகு தேவநாதனிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"எல்லாரும் எந்திரிச்சி சேர வயல் பக்கமா திருப்பிப் போடுங்க. மைதானத்துல குறுக்கால கட்டியிருக்கற கயித்தத் தாண்டி ஒருத்தரும் வரக்கூடாது. போட்டோ எடுக்கணும்னாலும் வரக்கூடாது. சார்லஸ் மாமா, ஒரு பழைய பிரஷ் குடு."

ஐந்நூறு நாற்காலிகள் திரும்பின. மேடைக்கு இப்போது ஐந்நூறு முதுகுகள் தெரிந்தன.

பிரஷ்ஷும் ஈரத் துணியுமாகச் சந்தனம் போக இருபது நிமிஷம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. விமானத்தைச் சார்லஸ் பிடித்துக்கொள்ள, அவள் ஆன்டெனாவை உள்ளே தள்ளிவிட்டு வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். பத்துக்கு மேல் முன்வரிசையும் சேர்ந்து எண்ணியது. முப்பதில் திரும்பி நின்று குச்சியை ஆட்டினாள். இடது மடல் ஆடியது, வலது ஆடியது, வால் ஆடியது. சார்லஸ் கட்டைவிரலைக் காட்டினார். ஆன்டெனாவை முழுக்க இழுத்தாள். கடல்காற்றுக்கு நேராக மூக்கைத் திருப்பி வைத்து, எல்லோரையும் இன்னொரு தடவை பின்னால் தள்ளிவிட்டு, விட்டாள்.

ஓடியது. குதித்தது. எழும்பியது. வேர்க்கடலை அறுவடையான வயலுக்கு மேல் காற்று அதை ஒரு தட்டுத் தட்டியது. அவள் பிடித்து நிமிர்த்தினாள். வரப்பில் நின்ற கொக்குகள் கிளம்பி, இது தங்கள் வேலை இல்லை என்பதுபோல் தள்ளிப்போய் உட்கார்ந்தன. கூட்டம் விசிலடித்தது.

மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. வயலுக்கும் மேடைக்கும் நடுவில் நாற்பதடிக் கலியமூர்த்தி வானத்தைச் சுட்டிக்கொண்டு நின்றார். நிஜக் கலியமூர்த்தி இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார். கடைசியில் மேடையிலிருந்து இறங்கி, தன் ஃபிளெக்ஸின் அடியில் குனிந்து, வயல் பக்கம் வந்து நின்றார். கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான்.

ஆறாவது நிமிஷத்தில் விமானம் இறங்கியது. அவள் முதலில் விமானத்தின் பேட்டரியைக் கழற்றினாள். பிறகுதான் ரிமோட்டை அணைத்தாள்.

தாளாளர் பக்கத்தில் வந்தார். பின்னால் தேவநாதன், கையில் உறையுள்ள தட்டு.

"நல்லாத்தான் பறக்குது. ஆனா இன்னைக்கு நீ நடந்துக்கிட்டது... ஆர்டர் விஷயம் யோசிக்கணும்."

"யோசிங்க சார். அடுத்த மாசம் டெல்லிக்காரங்க வருவாங்க. இதே தாளக் கேப்பாங்க. கடைசி வரில யாருன்னும் சேத்து யோசிச்சி வையுங்க."

"அதான் நீ போட்டியே. அப்பவும் போடு."

"நா தற்காலிகம் சார். என் கையெழுத்து செல்லாதுன்னு சர்க்குலர் ஒட்டியிருக்கீங்க. இன்னைக்குப் போட்டது செல்லாதது. விமானம் ஒழுங்கா எறங்கிடுச்சு, யாரும் கேக்கல."

கலியமூர்த்தி வயலைப் பார்த்தார். கொக்குகளைப் பார்த்தார். பிளந்த வாளியைப் பற்றித் தேவநாதன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்; தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"பேனா."

அவள் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். தட்டையே மேசையாக்கி, ரோஜாவைத் தள்ளிவிட்டு, உறையிலிருந்து ஆணையை எடுத்து அவர் கையெழுத்துப் போட்டார். அவள் ஆணையை வாங்கி உடனே மடிக்கவில்லை. முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். பெயர். பதவி. 'நிரந்தரம்.' முத்திரை. தாளாளர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"தேதி போடல சார்," என்று திருப்பி நீட்டினாள்.