பன்னிரண்டாவது மையம்

வீட்ஸ்கேயின் ஆய்வேட்டு அட்டையில் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள். மனித மூளையில் நரம்பிழைகள் அதிகமாக வந்து கூடும் பன்னிரண்டு மையங்கள் அவை. நூறு பேரை ஸ்கேன் செய்து, ஐந்து வருடம் மாடாக உழைத்து வரைந்த படம்.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் காலை, பன்னிரண்டாவது பொய் என்று கண்டுகொண்டாள். மூளையைப் பகுதி பகுதியாகப் பிரித்ததில் அந்த ஒன்று மட்டும் அளவில் பெரிது. பெரிய பகுதியில் அதிக இழைகள் வந்து விழத்தானே செய்யும்? எல்லாவற்றையும் சம அளவில் வெட்டி மறுபடி எண்ணினாள். மையம் காணாமல் போனது. புத்தகமோ அச்சாகி எல்லோர் கைக்கும் போய்விட்டது. இப்போது சொன்னால் பட்டம் கிடைக்குமா என்பதே சந்தேகம்.

எங்கள் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தேர்வு முக்கால் மணி நேரம், ஒரு நிமிடம் கூடாது. முடிந்ததும் கறுப்பு அங்கி போட்ட அம்மாள் கோலுடன் வந்து "ஹோரா எஸ்ட்" என்பார். லத்தீனில், நேரமாயிற்று என்று பொருள். அதன்பின் பேசுவது எதுவும் கணக்கில் சேராது. வீட்ஸ்கேவுக்கு மேடையில் உடன் நிற்கும் தோழி நான். முந்தின நாளே என்னிடம் வந்து எல்லாம் சொல்லிவிட்டாள்.

"யாரும் கேக்காம நீயா போய் வாயைக் குடுக்காதடி. அந்தக் கோல் வந்து உன்னைக் காப்பாத்திடும்" என்றேன். நான் அப்படித்தான், காரியம் ஆனால் போதும் என்று பார்க்கிறவள்.

நாற்பத்துநாலாவது நிமிடத்தில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் அட்டையைத் தட்டி, இந்தப் பன்னிரண்டாவதில் தனக்குச் சந்தேகம் என்று ஆரம்பித்தார். இழுத்து இழுத்துப் பேசுகிறவர். அவர் கேள்வியை முடிக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. கோல் தரையில் இடித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எல்லோரும் எழுந்தார்கள். வீட்ஸ்கே அசையவில்லை.

"அது மையமே இல்லைங்க. பதினொண்ணுதான். நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது."

தேர்வுக் குழுத் தலைவர் முகம் மாறவில்லை. நேரம் முடிந்தபின் சொன்னதைக் குழு கேட்டதாகவே எடுத்துக்கொள்ளாது என்றார். உள்ளே போய்வந்து பட்டத்தைக் கொடுத்தார்கள், பன்னிரண்டு மையங்களுக்கும் சேர்த்து.

விருந்தில் நாங்கள் சுடச்சுட இறைச்சி உருண்டைகளைக் கடுகில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தோம். அவள் பேனாவும் கையுமாகச் சுற்றிவந்து, ஒவ்வொருவரின் பிரதியையும் வாங்கி, பன்னிரண்டாவது புள்ளியை அடித்துக் கையெழுத்துப் போட்டாள். அந்த வெளியூர்ப் பேராசிரியருடையதிலும் போட்டாள். நானும் என்னுடையதை நீட்டினேன்.

அவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"உனக்கு எதுக்கு, ஜோரீன்? உனக்குத்தான் நேத்தே தெரியுமே."