பிடி தளர்ந்தால் மேடை

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கமா, முற்றுப்புள்ளி உட்பட எல்லாம் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதியில் எழுந்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு.

பல் டாக்டரம்மா நடத்திய நடன விழா சின்னது. மூன்று நாள், ஆறு கலைஞர்கள், இருநூறு நாற்காலி. விண்ணப்பம் மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். முதலில் பெரிய மனிதர்கள் நால்வரைத் தேர்வுக் குழுவாக உட்கார வைத்துப் பார்த்தார். வீடியோ ஓடுவதற்கு முன்பே நாலு பேரும் நாலு பெண்ணைக் காட்டி, "இது நம்ம பொண்ணு" என்றார்கள். சிபாரிசு பண்ண முடியாத நடுவருக்கு எங்கே போவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவருக்கு, விடை எதிரிலேயே வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பது தெரிந்தது.

அன்று முதல் சிகிச்சை நாற்காலிக்கு மேலே ஒரு டிவி. நோயாளி படுத்ததும் ஒரு விண்ணப்ப வீடியோ ஓடும். டாக்டரம்மாவுக்கு ஒரு கண் பல்லில், ஒரு கண் நோயாளியின் கையில். குடைகிற மெஷின் சத்தம் கேட்டால் எப்பேர்ப்பட்ட வீரனும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். ஆட்டத்தைப் பார்த்து அந்தப் பிடியில் எத்தனை விரல் தளர்கிறதோ, அத்தனை மதிப்பெண். பத்தும் தளர்ந்தால் மேடை.

தேறாதவர்களுக்கும் தன் கைப்பட எழுதிவிடுவார். "உங்கள் ஆட்டத்துக்கு ஏழு விரல் தளர்ந்தன. நீங்கள் கேமராவைப் பார்த்துச் சிரித்ததும் மூன்று மறுபடி கைப்பிடிக்கே திரும்பிவிட்டன." இதைப் படித்த ஒருவர் சிரிப்பை விட்டொழித்து அடுத்த ஆண்டு பத்தும் வாங்கினார். தன் கல்யாண போட்டோவிலும் அவர் சிரிக்கவில்லை என்று கேள்வி.

ஓர் ஆண்டு ஆறாவது இடத்தைப் பிடித்தவர் ஒரு பஸ் கண்டக்டரம்மா. வயது நாற்பத்தெட்டு. பதினேழு விழாக்கள் அவரைக் கழித்துக் கட்டியிருந்தன. பதினாறு பதிலே போடவில்லை. ஒன்று மட்டும் "வயது" என்று ஒற்றை வார்த்தை அனுப்பியிருந்தது. டிப்போவில் நின்ற காலி பஸ்ஸில், இரண்டு வரிசை சீட்டுக்கு நடுவே ஆடிய வீடியோ. கடைவாய்ப் பல் பிடுங்க வந்த லாரி டிரைவர் அதைப் பார்த்தார். கைவிரல் பத்தும் தளர்ந்தன. ஷூவைக் கழற்றினால் கால்விரலும் பத்து. பல் தானாகவே எழுந்து வந்து தட்டில் உட்கார்ந்துகொண்டது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றாமலே போன் போட்டார்.

"விழாவுல ஆட வரீங்களா?"

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல். "யாருங்க விளையாடறது? ஏம்ப்பா, படியில நிக்காத, உள்ள போ."

"பல் டாக்டர் பேசறேன். உங்களைத் தேர்ந்தெடுத்தாச்சு."

"என் வயசைப் பார்த்தீங்களா?"

"நான் பல்லைத்தான் பார்ப்பேன். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

டிக்கெட் கிழிக்கிற சத்தம் கேட்டது. "ஆரம்பிச்சா பாதியில நிறுத்தச் சொல்லக் கூடாது. அது போதும்."

"யாரும் சொல்ல மாட்டாங்க. இது என் வாக்கு."

மறுநாள், விழாவுக்கு இடம் தருவதாக இருந்த மண்டபக்காரர் வந்தார். "அந்த ஆறாவது இடத்துல என் மருமகளைப் போடுங்க. போன்ல அவளுக்கு மூணு லட்சம் ஃபாலோயர்ஸ்."

"மண்டபத்துல இருநூறு சீட்டுதானே இருக்கு. மிச்சப் பேரை உங்க வீட்டுலயா உட்கார வைப்பீங்க?" என்ற டாக்டரம்மா, விழாச் செயலாளரான தன் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "தம்பி, அவங்களுக்கு எத்தனை விரல்?"

"நாலு, அண்ணி. அதுலயும் ரெண்டு மூக்கைச் சொறியப் போனது."

மண்டபக்காரர் முகம் கடுகடுத்தது. "டிக்கெட் கிழிக்கிறவ மேடையில, என் மருமக வீட்டுலயா? அப்ப மண்டபம் கிடையாது."

கொழுந்தன் டாக்டரம்மாவின் காதோரம் குனிந்தார். "விட்டுக் கொடுத்துடலாமே, அண்ணி. மண்டபம் இல்லாம விழாவை என் மொட்டை மண்டையிலயா வைக்கறது?"

டாக்டரம்மா சத்தமாகவே பதில் சொன்னார்.

"தம்பி, வாக்குக் கொடுத்தது மண்டபம் இல்ல, நான்." பிறகு மண்டபக்காரரிடம், "சாவியை நீங்களே வச்சுக்கங்க. கதவு உங்களுது, விழா என்னுது."

விழா கிளினிக்கிலேயே நடந்தது. வெயிட்டிங் ரூம் நாற்காலிகள் தெருவுக்குப் போயின. டோக்கன் எடுத்தவர்களுக்கு மட்டும், வரிசைப்படி உள்ளே அனுமதி. முத்துப் போலப் பல் வைத்திருந்தவர்களெல்லாம் வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பல் செட்டைக் கழற்றிக் கையில் ஏந்தி வந்து, "இதுக்குத்தான் வலி" என்றார்.

ஐந்து பேரும் ஆடி முடித்து, கடைசி நாள் காலையில் கண்டக்டரம்மா ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்தில் தெருவில் வண்டிகள் நின்றன. இரண்டாவது மணி நேரத்தில் சிக்னல் விளக்கு பச்சைக்கு மாற மறந்தது. மூன்றாவது மணி நேரத்தில் மண்டபக்காரர் கையில் ஒரு மனுவோடு வந்து சேர்ந்தார்.

"தெருவையே அடைச்சிட்டீங்க. ஆட்டத்தை உடனே நிறுத்தணும்."

டாக்டரம்மா வாசலில் குறுக்கே நின்றார். "டோக்கன் இருக்கா?"

"நான் நிறுத்தச் சொல்ல வந்திருக்கேன்."

"அதுக்கும் வரிசைதான். இந்தாங்க, நானூத்தி அறுபத்து மூணு."

அவர் முறை வந்தது மறுநாள் பகல் பதினோரு மணிக்கு. கண்டக்டரம்மா இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். கண்டக்டர் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. மண்டபக்காரர் சொல்வதற்கு வாயைத் திறந்தார். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மேல ரெண்டு சொத்தை. மூடாதீங்க, அப்படியே வைங்க."

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கண்டக்டரம்மா தன் இஷ்டப்படி, சாயங்காலம் நாலே காலுக்கு நிறுத்தினார்.

இந்த விழாவின் முதல் ஆண்டுக்கான விண்ணப்பங்களை அடுத்த திங்கட்கிழமையிலிருந்துதான் வாங்கப் போகிறார்கள்.