பதினாலாம் பக்கத்துக் கொடி

றெனால்ட் செத்து இருபத்துநாலாம் நாள் அச்சகக்காரர் பஸ்ரியன் கூப்பிட்டு, நினைவு மலரில் பதினாலாம் பக்கம் மட்டும்தான் மிச்சம் என்றார். முப்பத்தோராம் நாள் பூசை முடியக் கோயில் வாசலில் கொடுக்கிற புத்தகம். முந்நூறு பிரதி.

ஜெயனி "ஓம்" என்றாள். தமையன் போன நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் ஓம்தான். பெட்டியின் நிறத்துக்கு ஓம், பாட்டுக்கு ஓம், சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிடாமலே ஓம். அவள் அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம் அதைப் பார்த்து ஒரு கதை கதைத்துவிட்டும் போயிருந்தது. அவளுக்கோ பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி முழு உடம்பும் கிடந்தது. தொட்டால் தெரியும், நோகாது.

மற்ற வீடுகளில் நினைவு மலரில் செபங்கள் போடுவார்கள். றெனால்ட் கம்பஸில் தாவரவியல் படித்தவன். ஆகையால் அவனுடைய கொப்பியிலிருந்து "எங்கள் கரையின் செடிகள்" என்று ஆறு பக்கம் போடுவதென்று தாய் றோசம்மா முடிவெடுத்திருந்தார். என்ரை பிள்ளை எழுதினதிலை ஒரு எழுத்தும் மாறக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

பதினாலாம் பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்று வேலியில் ஏறிய கொடி. அதன் கீழ் "ஈஸ்வரமூலி". மற்றது மணலில் படர்ந்து கிடக்கும் கொடி. அதன் கீழ் "ஆடுதின்னாப்பாளை, முள்ளிக்குளம்". அடியில் றெனால்ட்டின் வரிகள்: "ஏறினால் ஈஸ்வரமூலி, கிடந்தால் ஆடுதின்னாப்பாளை. இரண்டையும் அவித்துக் குடிக்க வேண்டாம், சிறுநீரகம் கெடும்."

பெயர்கள் சரியா என்று பார்க்கச் சொல்லி ஜெயனி அந்தப் பக்கத்தை முனவ்வருக்கு அனுப்பினாள். முனவ்வர் சிலாவத்துறையில் ஓட்டோ ஓடுகிறவர். சனி ஞாயிறில் றெனால்ட்டோடு காடு கரையெல்லாம் திரிந்து வண்ணத்துப்பூச்சி எண்ணினவர். அவரை அவள் அண்ணன் முறையில் நானா என்பாள். அவரிடமிருந்து பதில் வரவில்லை. பின்னேரம் அவளே அவருக்குப் போன் எடுத்தாள்.

"சொல்லுங்கோ நானா, பிழையோ?"

"பிழையெண்டு இல்லைத் தங்கச்சி... அந்த ரெண்டாவது படத்துக்குத்தான் அவனும் நானும் சண்டை பிடிச்சனாங்கள். டேய் கம்பஸ் மூளை, ஏற வேலி இல்லாட்டில் ஈஸ்வரமூலியும் கிடக்கத்தானே வேணும், பூவின்ரை அடியைப் பார் எண்டன். நீ போய் உன்ரை ஓட்டோவின்ரை அடியைப் பார் எண்டான்." சிரிக்க வெளிக்கிட்டவர் பாதியில் நிறுத்தினார்.

"எப்ப?"

"முதல்நாள்."

விபத்துக்கு முதல்நாள். அடுத்த நாள் விடிய றெனால்ட் ஒருவருக்கும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்கே போனான். எங்கே, எதற்கு என்று வீட்டில் ஒருவருக்கும் இதுவரை தெரிந்திருக்கவில்லை. போகிற வழியில் டிப்பர் லொறி அடித்தது. பூவைப் பார்க்கப் போனவன் அதைப் பார்க்கவேயில்லை.

அவன் சொன்னது சரியாக இருக்கவேணும் என்று ஜெயனிக்குத் தோன்றியது. இத்தனை நாளில் வேணும் என்று தோன்றிய முதல் சாமான் அதுதான்.

"குடிக்க வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறான்தானே," என்றார் றோசம்மா, சந்தேகத்தைச் சொன்ன ஜெயனியிடம். "பிறகு எது எதாயிருந்தால் ஆருக்கென்ன? என்ரை பிள்ளை பிழையாய் எழுதமாட்டான்."

மறுநாள் காலை ஜெயனி சிலாவத்துறைக்குப் பஸ் ஏறினாள். மடியில் அவனுடைய கொப்பி. தாம்போதிப் பாலம் தாண்டுவதற்குள் அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்துவிட்டாள். ஆடுதின்னாப்பாளைக்குப் பூ தனித்தனியே வரும். பூக்காம்பின் அடியில் காம்பில்லாத வட்டக் குட்டி இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஈஸ்வரமூலிக்கு ஒரே கணுவில் இரண்டு மூன்று பூ வரும். அடியில் அந்த இலை இல்லை. மற்ற இலைகளை நம்ப வேண்டாம், அவை இடத்துக்கிடம் மாறும். வண்ணத்துப்பூச்சியிடமும் கேட்க முடியாது, அது இரண்டிலும் முட்டையிடும். எல்லாவற்றையும் அவனே எழுதியிருந்தான். எழுதிவிட்டு, அவசரத்துக்கு ஏறினால், கிடந்தால் என்று குறுக்குவழியும் பிடித்திருந்தான்.

சிலாவத்துறையில் முனவ்வர் ஓட்டோவோடு நின்றார். இருவரும் முள்ளிக்குளத்துக்கு வெளிக்கிட்டார்கள். வழியில் ஓரிடத்தில் அவர் காரணம் சொல்லாமல் வேகத்தைக் குறைத்தார். டிப்பர் அடித்த இடம் அதுதான் என்று அவளுக்கு விளங்கியது.

படத்திலிருந்த இடத்தில் முன்பு ஒரு வேலி நின்றிருக்கிறது. இப்போது கட்டை பிடுங்கிய குழிகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே கொடி மணலோடு மணலாகப் படர்ந்திருந்தது. முனவ்வர் முதலில் போய்க் குந்தினார். இலைகளை விலக்கிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு எழும்பிக் கையைத் தட்டினார்.

"அவன் சொன்னதுதான் சரி தங்கச்சி. ஆடுதின்னாப்பாளை. நான்தான் பிழை. வாங்கோ, வெயில் ஏறுது."

"கொஞ்சம் தள்ளுங்கோ நானா."

அவள் குந்தினாள். ஒரு கணுவில் மூன்று பூக்கள். அடியில் சின்ன வீக்கம், மேலே குழல், நுனியில் கருஞ்சிவப்பாக ஒரு நாக்கு. விரலால் ஒரு பூவை நிமிர்த்திக் காம்பின் அடியைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. அடுத்த கணுவைப் பார்த்தாள். அப்படியே ஒன்பது கணு பார்த்தாள்.

"குட்டி இலை எங்கை?"

"காய்ஞ்சு விழுந்திருக்கும்."

"ஒன்பது கணுவிலையுமோ?"

முனவ்வர் கடல் பக்கம் பார்த்தார். "விடுங்கோ தங்கச்சி. அவன்ரை கடைசி எழுத்து, இருந்திட்டுப் போகட்டும். முந்நூறு பேரிலை ஒருத்தரும் இதைக் குனிஞ்சு பாக்கப் போறதில்லை."

"எனக்காகப் பொய் சொல்லுறீங்களோ?"

"எனக்காக," என்றார். "நான் அண்டைக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் அவன் இந்த றோட்டாலை வந்திருக்கமாட்டான். நான் சரியெண்டு புத்தகத்திலையும் அடிச்சால் என்னெண்டு தாங்கிறது?"

இந்த இடத்தில் சொல்ல வேண்டியவை ஜெயனிக்குத் தெரியும். நீங்கள் என்ன செய்வீங்கள், ஆண்டவர் கூப்பிட்டிட்டார், அவ்வளவுதான் அவன்ரை காலம். எல்லாம் மற்றவர்கள் அவளுக்குச் சொன்னவைதான். அவற்றை விட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"பிழையெண்டு தெரிஞ்சிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்?"

"முதல் என்னை ஏசியிருப்பான். பிறகு கொப்பியிலை வெட்டிப்போட்டுத் திருத்தியிருப்பான். ஆர் சொல்லித் திருத்தினதெண்டு மட்டும் செத்தாலும் எழுதியிருக்க..."

அவள் பஸ்ரியனுக்குப் போன் எடுத்தாள்.

"பதினாலாம் பக்கம் அண்ணை. ரெண்டாவது படத்துக்குக் கீழையும் ஈஸ்வரமூலி எண்டு போடுங்கோ."

"அப்ப ரெண்டும் ஒண்டோ பிள்ளை? ஒரே செடியை ரெண்டு தரம் போட்டால் சனம் சிரிக்காதோ?"

"சிரிக்கட்டும். ஒண்டு வேலியிலை ஏறினது, மற்றது ஏற வேலியில்லாமல் கிடந்தது. ஏறினால், கிடந்தால் எண்ட வரியை எடுத்திட்டுப் பூக்காம்பின்ரை அடியைப் பாக்கச் சொல்லிப் போடுங்கோ. கொப்பியிலை அவன் எழுதினது இருக்கு, படம் எடுத்து அனுப்பிறன். குடிக்க வேண்டாம் எண்டது இருக்கட்டும்."

"அம்மா ஒரு எழுத்தும் மாத்த வேண்டாமெண்டவ."

"அம்மாவோடை நான் கதைக்கிறன்."

"திருத்தினது ஆரெண்டு போடுறதோ?"

முனவ்வர் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "முனவ்வர். சிலாவத்துறை."

அவர் நின்ற இடத்திலேயே மணலில் இருந்துவிட்டார். சேட்டின் நுனியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஜெயனிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அவர் எழும்பும் வரை பக்கத்தில் நின்றாள். பிறகு ஓட்டோவில் ஏறி, மகன் பிழைவிட்டான் என்பதை அம்மாவுக்கு எந்தச் சொல்லில் தொடங்கிச் சொல்வதென்று யோசித்தபடி வந்தாள்.