கண்ணாடிக்கடைக்காரரின் அரை நிமிடம்

வரப்போகும் மருமகள் எடுத்த கடற்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த கண்ணாடிக்கடைக்காரர், எழுந்து சென்று கடையின் பின்னறையில் விளக்கைப் போட்டார்.

"இப்படி வந்து உக்காரும்மா. இடது கண்ணை மூடிக்கோ. கடைசி வரியப் படி."

அவள் படித்தாள். வலது கண்ணை மூடிக்கொண்டும் படித்தாள். ஓரெழுத்தும் பிசகவில்லை. அவர் முகத்தில் படர்ந்தது மகிழ்ச்சியன்று, ஏமாற்றம். கோளாறு கண்ணில் இருந்திருந்தால் ஒரு கண்ணாடி மாட்டிச் சரிசெய்துவிடலாம். கண் நன்றாயிருந்தும் ஒருத்தி கடலைப் புகையாகவும் மேகத்தைக் கோடாகவும் எடுப்பாளாயின், அதற்கு அவருடைய கடையில் மருந்தில்லை.

"அலையெல்லாம் எங்கம்மா போச்சு?"

"அதுலதான் இருக்கு மாமா. அரை நிமிஷம் ஷட்டரைத் திறந்தே வச்சிருப்பேன். அதுக்குள்ள வர்ற அலையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து பனி மாதிரி ஆயிடும். அசையாம நிக்கிற ஆளு மட்டும் பளிச்சுனு விழுவாங்க."

"அதாவது, மங்கலா வரணும்னே மெனக்கெடுற."

அவர் அதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. மங்கலைப் போக்குவதே தொழிலாக வாழ்ந்தவர் அவர். திருமணத்திற்குப் பிறகு மருமகள் கடையில் வந்து அமர வேண்டும், படமெடுப்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்ததும் அன்பினால்தான். அவளுக்கென்று ஒரு சுழல்நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார். அந்த நாற்காலியில் அவள் ஒருமுறைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை. கடலோரத்தில் மனிதர்களை நிறுத்திப் படமெடுப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு அன்று. அதுவே அவளுடைய வேலை, அவளே தேடிக்கொண்ட வேலை. ஆகையால் அவருடைய மகனிடம் தெளிவாகவே சொல்லிவிட்டாள்: "இதை வேலைன்னு உங்கப்பா ஒத்துக்கணும். அந்த நாற்காலிக்காகத்தான் கல்யாணம்னா, நான் கழுத்தை நீட்டமாட்டேன்."

மத்தளம்போல் இரண்டு பக்கமும் அடிவாங்கிய மகன் ஒரு வழி கண்டான். "அப்பாகிட்டப் பேசிப் பிரயோசனமில்ல. அவர் காதால கேக்கிறவர் இல்ல, கண்ணால பாக்கிறவர். அப்பா, அம்மா ரெண்டு பேரையும் நிக்கவச்சு ஒரு படம் எடு." யோசனை கூறியவன், கடையைப் பூட்ட முடியாது என்று காரணம் காட்டித் தான் மட்டும் நழுவிக்கொண்டான்.

மேகம் மூடிய காலையொன்றில் மாமாவும் அத்தையும் அவளும் கடற்கரைக்குப் போனார்கள். கரையை ஒட்டித் தட்டையான பாறையொன்று கிடந்தது. அலை வரும்போது அதன்மேல் கணுக்காலளவு நீர் பரவி வழியும். பாறையின் வெடிப்பில் இரண்டு குட்டைக் கம்புகளைச் செருகிய அவள், முதுகை அவற்றில் மெல்லச் சாய்த்துக்கொள்ளும்படி இருவரையும் நிறுத்தினாள். உடம்பு கம்பை மறைத்துவிடும். கம்பு உடம்பை ஆடாமல் காக்கும். பின்னர் காமிராவை முக்காலியில் பூட்டி, வெளிச்சத்தைக் குறைப்பதற்காக அதன் முன்னே மாட்டும் கறுப்புக் கண்ணாடி வில்லையை உறையிலிருந்து எடுத்தாள். மாமா உடனே இறங்கி வந்து கையை நீட்டினார். விளிம்பை மட்டும் பிடித்து வானத்திற்கு நேரே உயர்த்திப் பார்த்தார்.

"நல்ல கண்ணாடி. ஒரு கீறல் இல்ல. ஆனா ஒண்ணுமே தெரியலையே."

"நம்ம கண்ணுக்கு அவசரம் மாமா. காமிராவுக்குப் பொறுமை ஜாஸ்தி."

அவர் தம் சட்டைப்பையிலிருந்த மெல்லிய துணியால் வில்லையைத் துடைத்து, இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டால் சாவித்துவாரத்தின் வழியாகப் பேசுவாள். ஷட்டர் திறந்த கணமே, "என்னங்க, அசையாதீங்க," என்றாள்.

"நீ பேசாதே."

"நான் எங்க பேசினேன்? உங்களை அசையாதீங்கன்னுதான் சொன்னேன்."

முதற்படத்தில் இரண்டு உடல்களும் கழுத்துவரை தெளிவாயிருந்தன. அதற்கு மேலே இரண்டு சிறு மேகங்கள்.

இரண்டாம் முறை, அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாமாவோ இமைகளையும் அசைக்கலாகாது என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு விழித்தது விழித்தபடி நின்றார். உப்புக்காற்றில் கண்கள் எரிந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. அத்தை ஓரக்கண்ணால் பார்த்துத் திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்னங்க, அழறீங்க? நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?"

"இமைக்கலாம் மாமா," என்றாள் படமெடுப்பவள், சிரிப்பை அடக்க இயலாமல். "கண் இமைக்கிறதெல்லாம் இதுல தெரியாது."

"முன்னாடியே சொல்லக்கூடாதா? ஊருக்கெல்லாம் கண் பாக்கிறவன் கண்ணையே கெடுக்கப் பாத்தியே."

மூன்றாம் முறை இருவரும் மெய்யாகவே சிலையானார்கள். அரை நிமிடத்தில் பாதி கழிந்தது. இம்முறை படம் சரியாக விழுந்துவிடும் என்று அவள் எண்ணிய வேளையில் ஓரலை சற்றே உயரமாக வந்து, அத்தை கழற்றி வைத்திருந்த செருப்புகளில் ஒன்றை அள்ளிக்கொண்டு போயிற்று. "ஐயையோ, புதுச் செருப்பு!" என்று அத்தை மஞ்சள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மாமா அசையவில்லை. கடல் செருப்பைக் கொண்டுபோனாலும், மனைவி அதைத் துரத்திப்போனாலும், ஒப்புக்கொண்ட அரை நிமிடம் நிற்பது என்று நின்றார்.

காமிராவின் சிறு திரையில் படம் தெரிந்தது. வெண்பனியாய்ப் பரந்த கடலின் முன்னே மாமா சட்டைப்பொத்தான்வரை துல்லியமாய் நின்றார். அருகே அத்தை பாதி உருவமாய், பின்னாலிருக்கும் கடல் ஊடே தெரியும்படி இருந்தாள். அவளிடமிருந்து மஞ்சட்கோடு ஒன்று புறப்பட்டுப் பனிக்குள் இழுபட்டுப் போயிற்று. இதைவிட மங்கலான ஒன்றை இவரிடம் காட்ட முடியாது என்று அவள் அழிக்கப்போனாள். ஆனால் அவர் அதற்குள் அருகில் வந்துவிட்டார்.

தம் கண்ணாடியைக் கழற்றினார். கிட்டத்தில் பார்ப்பதற்குரிய வேறொன்றை மாட்டினார். குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது அவதான்," என்றார் தாழ்ந்த குரலில்.

"மாமா?"

"கல்யாணத்துல இருந்து எத்தனையோ படம் எடுத்திருக்கோம். எல்லாத்துலயும் வாயை மூடிட்டு யாரோ மாதிரி நிப்பா. இதுல பாரு, இங்க ஒரு காலு, அங்க ஒரு காலு. பேசுறது கேக்குது."

செருப்பை மீட்டுக்கொண்டு, முழங்கால்வரை நனைந்து வந்த அத்தையும் எட்டிப் பார்த்தாள். "இவர் மட்டும் முழுசா இருக்கார், என்னை ஆவியாக்கிட்டீங்க. இதுல ரெண்டு பேருக்கும் என்ன பெருமை?"

அவர் இளையவளிடம் திரும்பிக் கேட்டார்: "நாளைக்கு யாராவது வராங்களா, இப்படி நிக்க?"

"ஒரு குடும்பம் வருது மாமா. நாளான்னிக்கும் ஒரு ஜோடி."

"அப்புறம் கடையில உக்கார உனக்கு ஏது நேரம்," என்றார், தமக்குத்தாமே கணக்கைத் திருத்திக்கொள்பவர்போல. "வேற ஆளுதான் பாக்கணும்."

 அவள் ஈரமில்லாத வில்லையை ஈரமாயிருப்பதுபோல் குனிந்து துடைத்தாள்.

"இன்னொண்ணு எடு. இந்தத் தடவ நான் தூண் மாதிரி நிக்கப்போறதில்ல."

காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் நீரில் இறங்கினார். அத்தை, "விழுந்து வைக்காதீங்க," என்று கூறியபடியே கையைப் பிடித்துக்கொண்டு உடன் இறங்கினாள். இளையவள் ஷட்டரைத் திறந்தாள். இருவரும் அலையோரமாக நடந்தார்கள். மாமா ஏதோ சொல்லிக்கொண்டே போனார். கைகளை அகல விரித்துக் காட்டினார். ஒருமுறை நின்று, தாமே அலைபோல் வளைந்தும் காட்டினார். அத்தை ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அரை நிமிடம் கடந்துவிட்டது. மூடும் பொத்தானின்மேல் இருந்த கட்டைவிரலை இளையவள் அழுத்தவில்லை. காமிராவின் திரை கறுத்துக் கிடந்தது. அதற்கப்பால், நீரைச் சிதறடித்துக்கொண்டு இருவரும் இன்னும் போய்க்கொண்டிருந்தார்கள்.